வெளிநாட்டு எல்.எல்.எம். விண்ணப்பம்: முக்கூடல்காரி ஒருத்தி சொல்லும் வழி

வெளிநாட்டில் எல்.எல்.எம். என்னும் சட்ட மேற்படிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் பாளையங்கோட்டை கோர்ட்டில் ஜூனியராக இருப்பவர்கள், இல்லையென்றால் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் தம்பி தங்கச்சிகள். கோர்ட் வாசல் டீக்கடையில் நின்றபடி பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முக்கூடல்காரி. அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தாள். பன்னிரண்டு வரை தமிழ் வழி. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம், பாளையங்கோட்டையில் ஒரு சீனியரிடம் நான்கு வருடம், அப்புறம் பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகையில் லண்டனில் ஓராண்டு தொழிலாளர் சட்டம். முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாவது தடவைதான் கிடைத்தது. இரண்டுக்கும் இடையில் என் மார்க்கு மாறவில்லை, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் மாறவில்லை. மாறியது நான் எழுதிய கட்டுரை ஒன்றுதான்.

எதற்காகப் போகிறீர்கள்

முதலில் இதை உங்களுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பி வக்கீல் தொழில் செய்யவா, அங்கேயே வேலை பார்க்கவா, பாடம் நடத்தவா?

பாடம் நடத்த நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இந்திய பார் கவுன்சில் 2021 ஜனவரியில் வெளியிட்ட முதுநிலைச் சட்டக் கல்வி விதிகள், வெளிநாட்டில் ஓராண்டில் முடித்த எல்.எல்.எம். நம் ஊர் இரண்டாண்டு எல்.எல்.எம்.முக்குச் சமம் அல்ல என்றன. அந்த விதிகளை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விரிவுரையாளர் வேலைதான் குறி என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் அன்றைய நிலவரத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நியூயார்க்கில் வக்கீலாக அங்கே நடக்கும் பார் தேர்வு எழுத ஆசை என்றால் அமெரிக்கக் கல்லூரிகளைப் பாருங்கள், லண்டனுக்குப் போய் அதற்கு வழி தேடாதீர்கள். செவனிங் வாங்கினால் படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி இரண்டு வருடம் இங்கே இருந்தாக வேண்டும். எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை, திரும்பி வரத்தான் போனேன். அங்கேயே தங்க நினைப்பவருக்கு அது சரிப்படாது.

கட்டுரைதான் விண்ணப்பம்

முதல் தடவை திருநெல்வேலியில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். ஒரு மாதிரிக் கட்டுரையைக் கொடுத்து, பெயரையும் ஊரையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். 'சிறு வயது முதலே நீதியின் மேல் எனக்குத் தீராத ஆர்வம்' என்று அது தொடங்கும். அடுத்த பத்தியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் உலகப் புகழ், அதற்கடுத்த பத்தியில் அதன் பெரிய நூலகம். நானும் அப்படியே அனுப்பினேன். அந்தக் கட்டுரையில் நான் எங்கேயும் இல்லை. யார் அனுப்பியிருந்தாலும் அது அதே கட்டுரைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல கன்சல்டன்சிகளுக்கு வருமானம் நம்மிடமிருந்து வருவதில்லை, மாணவரைச் சேர்த்துவிட்டதற்குப் பல்கலைக்கழகம் தரும் கமிஷனில் இருந்து வருகிறது. கமிஷன் தராத நல்ல கல்லூரியின் பெயர் அவர்கள் வாயில் வராது. விண்ணப்பம் முழுவதையும் நீங்களே செய்யலாம். வக்காலத்தும் மனுவும் தாக்கல் செய்யத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை.

இரண்டாவது தடவை, என் சீனியர் ஒரு கேள்வி கேட்டார்: "உன் கையில் வந்த கேஸ் கட்டில் எந்தக் கட்டு உன்னைத் தூங்க விடலைம்மா? அதை எழுது."

அது ஒரு வயதான அம்மாவின் வழக்கு. முப்பது வருடம் பீடி சுற்றியவர். பி.எப். பணம் கேட்டுப் போனபோது, அவர் எங்கள் ஆளே இல்லை என்றது எதிர்த்தரப்பு. பீடி சுற்றுகிற ஊர்களில் உள்ளவர்களுக்கு இது புரியும். பீடிக் கடை தரும் பாஸ்புக் ஒருத்தி பெயரில் இருக்கும், அந்தக் கணக்கில் மூன்று பேர் சுற்றுவார்கள். இலையும் தூளும் வாங்கிவந்து, வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துச் சுற்றி, கடையில் கொண்டுபோய்ப் போடுவார்கள். வேலை நடக்கும் இடம் வீடு. முதலாளி யார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டம் செல்லும் என்று 1974இல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படி இருந்தும் அந்த அம்மாவால் தன்னைத் தொழிலாளி என்று நிரூபிக்க முடியவில்லை. ஏன் என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கேள்வியை முதலில் தமிழில் எழுதினேன், மூன்று பக்கம். எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே சுற்றியவள் நடுவில் நிறுத்தி, "கழிச்ச பீடியத் திருப்பித் தரமாட்டாவட்டி, அதையும் அவியளே வச்சுக்கிடுவாவ. அத எழுதலையா நீ?" என்றாள். தரம் இல்லை என்று கடையில் கழித்துவிடும் பீடியைத்தான் சொன்னாள். நான் அதை எழுதியிருக்கவில்லை. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் அது எனக்குச் செய்தியாகவே படவில்லை. அந்தச் சட்டத்தின் 39ஆம் பிரிவில், மூலப்பொருள் கொடுப்பது, பீடியைக் கழிப்பது, கழித்த பீடிக்கான கூலி ஆகியவை பற்றிய தகராறுகளைத் தீர்க்க, 2025 நவம்பரில் அந்தச் சட்டம் நீக்கப்படும் வரை, தனி வழியே இருந்தது. அந்த வழியில் போன ஒரு பெண்ணையும் நான் கோர்ட்டில் பார்த்ததில்லை. என் கட்டுரையின் முதல் பத்தி இதுதான் ஆனது.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். கஷ்டத்தைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. தேர்வுக்குழுவில் வாசிப்பவர் சட்டப் பேராசிரியர். இந்தப் பெண்ணால் யோசிக்க முடிகிறதா, எங்கள் வகுப்பில் வந்து என்ன செய்வாள் என்று பார்க்கிறார். அதனால் ஊர்க் கதையிலிருந்து சட்டக் கேள்விக்கு ஒரு பாலம் போட வேண்டும். எனக்கு அது 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர் வழக்கில் கொடுத்த தீர்ப்பு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்காமல், யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதைப் பார்த்து அந்த ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் என்றார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. இந்த இரண்டையும் முக்கூடல் திண்ணையோடு சேர்த்து வைத்து, 'இதைத்தான் நான் உங்களிடம் படிக்க வருகிறேன், இன்ன பாடத்தில், இன்ன காரணத்துக்காக' என்று எழுதினேன். பாடத்தின் பெயரை அவர்களுடைய பாடப்பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். அந்த ஆண்டு நடக்காத பாடத்தை எழுதினால், நீங்கள் பட்டியலைத் திறக்கவே இல்லை என்பது தெரிந்துவிடும்.

கட்சிக்காரரின் பெயர், அவரை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் கட்டுரையில் வரக்கூடாது. அவர்கள் நம்மை நம்பித்தான் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

பீடி என் விஷயம். உங்களுடையது வேறாக இருக்கும், தேடினால் கிடைக்கும். திருநெல்வேலிச் சீமையில் சட்டக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் கொடுத்த 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிகிறது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களுக்கு அந்த லைன் வீட்டின் மேல் என்ன உரிமை? காடு, குத்தகை, தோட்டத் தொழிலாளர் சட்டம் மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம் அது. தாமிரபரணித் தண்ணீரைக் கங்கைகொண்டான் சிப்காட்டின் குளிர்பான ஆலைகளுக்குக் கொடுப்பதை 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலமாகத் தடுத்தது, 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கப் போகிறவர் அந்த இரண்டு உத்தரவுகளையும் அருகருகே வைத்து வாசித்தாலே ஒரு கட்டுரை பிறக்கும். கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் கொடுத்த தீர்ப்பு இருக்கிறது. அறிவுசார் சொத்துரிமை என்றால் பத்தமடைப் பாய். புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, கோரை நெய்கிற பெண்ணின் கைக்கு என்ன வந்தது என்று ஒருநாள் பத்தமடைக்குப் போய்க் கேட்டு வாருங்கள். டெல்லியிலும் பெங்களூரிலும் படித்த பிள்ளைகளிடம் மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்றப் போட்டிக் கோப்பைகள் இருக்கும். பத்தமடைக்குப் பஸ் ஏறிப் போய்க் கேட்டது உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

அளவு கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். ஹார்வர்ட் எல்.எல்.எம். இரண்டு பகுதியாகக் கேட்கிறது. ஒரு பகுதியில் ஒரு சட்டப் பிரச்சினையை எடுத்து அலச வேண்டும், இன்னொன்றில் ஏன் இந்தப் படிப்பு என்று சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்து 1,500 சொல்லுக்குள். ஆக்ஸ்ஃபோர்டின் சட்ட மேற்படிப்பான பி.சி.எல்.லுக்குக் குறிக்கோள் கட்டுரை சிறியது, ஆனால் சட்டத்தில் எழுதிய ஒரு கட்டுரையைத் தனியாக இணைக்க வேண்டும். செவனிங்கில் தலைமைப் பண்பு, தொடர்புகள், ஏன் பிரிட்டனில் படிப்பு, எதிர்காலத் திட்டம் என்று நான்கு கட்டுரை. தலைமைப் பண்பு என்றதும் கல்லூரித் தேர்தலில் நின்றதை எழுதாதீர்கள். நான் எழுதியது, பாஸ்புக் இல்லாத பதினொரு பெண்களைக் கூட்டி, யார் யார் எந்தக் கடைக்கு எத்தனை வருடம் சுற்றினார்கள் என்று ஒரு நோட்டில் குறிக்க வைத்த கதை. சின்ன வேலைதான். ஆனால் என்ன செய்தேன், எத்தனை பேர், முடிவு என்ன என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோர்ட் ஆங்கிலத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். 'ஹம்ப்ளி சப்மிட்ஸ்', 'இட் இஸ் பெர்டினென்ட் டு நோட்', 'ஹியரின்ஆஃப்டர்' எல்லாம் மனுவுக்குச் சரி, கட்டுரையில் வாசிப்பவரைத் தள்ளி நிறுத்தும். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். தமிழ் வழியில் படித்தோமே என்று கூச வேண்டாம். தமிழில் தெளிவாக யோசித்து எழுதியதை ஆங்கிலத்தில் தெளிவாக எழுத முடியும், எனக்கு அப்படித்தான் நடந்தது.

பரிந்துரைக் கடிதம்

பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி ஓடாதீர்கள். உங்களை ஒரே ஒரு தடவை விழாவில் பார்த்த நீதிபதி எழுதும் நான்கு வரியை விட, உங்கள் தேர்வுத்தாளைத் திருத்திய ஆசிரியர் எழுதும் ஒரு பக்கம் பலமானது. 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், நல்ல எதிர்காலம் அமைய வாழ்த்துகள்' என்ற கடிதம் நன்னடத்தைச் சான்றிதழுக்குத்தான் ஆகும். எந்த வகுப்பில், என்ன கேள்வி கேட்டாள், அவள் எழுதியதில் எது நன்றாக இருந்தது, வகுப்பில் எத்தனையாவதாக வந்தாள் என்று இருக்க வேண்டும். நம் பக்கத்தில் 60 சதவீதத்துக்கு மேல் வாங்குவதே எவ்வளவு சிரமம் என்று ஆசிரியர் ஒரு வரி எழுதினால், மார்க்குப் பட்டியல் சொல்லாததை அது சொல்லிவிடும்.

"நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்வார்கள். ஆனாலும் செய்யாதீர்கள். அது நேர்மையும் இல்லை, நடை ஒன்றாக இருப்பதை வாசிப்பவர் கண்டுபிடித்தும் விடுவார். அதற்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: உங்கள் வகுப்பில் இன்ன வருடம் படித்தேன், இன்ன தலைப்பில் கட்டுரை சமர்ப்பித்தேன், இன்ன படிப்புக்குப் போகிறேன், கடைசித் தேதி இது. கட்டுரையின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். கடிதத்தை இணையத்தில் அவர்களே ஏற்ற வேண்டியிருக்கும். பல இடங்களில் அலுவலக மின்னஞ்சல் கேட்பார்கள். அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஊர் மாற்றல் வந்துவிடும், அதனால் முன்கூட்டியே பேசி வைக்கவும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பு நேரில் போய் ஞாபகப்படுத்துங்கள். என் ஆசிரியர் ஒருவருக்கு லிங்க் திறக்கவில்லை, அவர் வீட்டில் உட்கார்ந்து நானே லாகின் செய்து கொடுத்துவிட்டு, அவர் எழுதும்போது முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பெயரும் காகிதமும்

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க்குப் பட்டியலில் ஒரு எழுத்து, பட்டத்தில் இன்னொரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு இது இரண்டு ஆள் மாதிரித் தெரியும். எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மட்டுமே எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பரிந்துரை எழுதுபவரிடமும் அதே எழுத்துக்கூட்டைச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட், அதாவது முழு மதிப்பெண் விவரத்துக்குச் சென்னையில் உள்ள சட்டப் பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். மூன்று மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள், நான்கைந்து பிரதி சேர்த்தே வாங்குங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பல எல்.எஸ்.ஏ.சி. என்ற அமைப்பு வழியாகத்தான் ஆவணம் கேட்கும். அதற்குப் பல்கலைக்கழகமே உறையை ஒட்டி, மடிப்பின் மேல் முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். நாம் பிரித்துப் பார்த்துவிட்டால் செல்லாது.

பயோடேட்டாவில் போட்டோ, அப்பா பெயர், சாதி, மதம், திருமணமானவரா என்பதெல்லாம் வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு பக்கம். 'பல வழக்குகளில் உதவி' என்பதை விட, எத்தனை மனு வரைந்தீர்கள், எத்தனை சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தீர்கள் என்று எண்ணிக்கையில் எழுதுங்கள். செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். சீனியரிடம் சம்பளம் இல்லாமல் ஓடிய நாட்களும் கணக்கில் சேரும். டைரியைப் பத்திரமாக வையுங்கள்.

ஐ.இ.எல்.டி.எஸ். நான் மதுரையில் எழுதினேன். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் மொத்தத்தில் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7 வேண்டும். மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். தினமும் ஒரு தீர்ப்பைச் சத்தமாக வாசித்ததும், கூட இருந்த ஜூனியரோடு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆங்கிலத்திலேயே பேசியதும்தான் என் பயிற்சி.

பணம்

இதைப் பேசக் கூச்சப்பட்டுக் கடைசியில் திகைப்பவர்கள் அதிகம். வங்கிக் கல்விக்கடன் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். நம் வீடுகளில் பட்டா தாத்தா பெயரில் இருக்கும், பெரியப்பா சித்தப்பா எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பேச்சை விண்ணப்பத்துக்கு முன்பே வீட்டில் தொடங்குங்கள். பிரிட்டன் விசாவுக்குச் சேமிப்பைக் காட்டுவதாக இருந்தால் அந்தப் பணம் 28 நாள் தொடர்ச்சியாகக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குக் கைமாற்று வாங்கிப் போட்டு எடுத்தால் நிராகரித்துவிடுவார்கள்.

உதவித்தொகைகளைத் தேடுவதும் விண்ணப்ப வேலையின் பாதி. பட்டியலினத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகள், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் ஆகியோருக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. மொத்தம் 125 இடம், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை தருகிறது. பீலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்ஃபோர்ட், லண்டன் சோயாஸ், ரெடிங் என்று மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு. இதையெல்லாம் டெல்லிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு வருமானச் சான்றிதழ் வாங்கும்போது கடைசித் தேதி தாண்டியிருக்கிறது. எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் இது.

எப்போது எதைச் செய்வது

அடுத்த வருடம் செப்டம்பரில் சேர வேண்டும் என்றால், இந்த வருடம் நெல்லையப்பர் ஆனித் தேர் நிலைக்கு வந்து சேரும்போது டிரான்ஸ்கிரிப்ட் விண்ணப்பம் போயிருக்க வேண்டும், கட்டுரைக்கு ஒரு தமிழ்ப் படி கையில் இருக்க வேண்டும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு கோயிலுக்குக் கூட்டம் கிளம்பும் சமயம் செவனிங் திறந்துவிடும், அதற்குள் ஐ.இ.எல்.டி.எஸ். முடித்துவிடுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் செவனிங் மூடும். ஹார்வர்டும் கேம்பிரிட்ஜும் டிசம்பர் தொடக்கத்தை ஒட்டி வரும். பிரிட்டனில் மற்றப் பல கல்லூரிகள் அதற்குப் பிறகும் வாங்கும், ஆனால் உதவித்தொகை முன்னதாகவே முடிந்துவிடும். ஐந்து அல்லது ஆறு இடத்துக்கு மேல் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டுரையைத் திருத்த ஒரு வாரமாவது வேண்டும்.

அனுப்பும் நாள் அன்று கடிகாரத்தைப் பாருங்கள். கடைசி நேரம் அவர்கள் ஊர்க் கணக்கில்தான் இருக்கும். குளிர்காலத்தில் லண்டனில் நண்பகல் பன்னிரண்டு என்றால் நமக்கு மாலை ஐந்தரை. நான் இரண்டு நாள் முன்பே, ராத்திரி ஒன்பது மணிக்கு, பக்கத்து வீட்டு அக்கா வைஃபையில் அனுப்பினேன். அனுப்பியதும் முழு விண்ணப்பத்தையும் பி.டி.எஃப்.பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் அதிலிருந்துதான் கேட்பார்கள். என்னிடம் முதலில் கேட்டது கழித்த பீடியைப் பற்றி.